வேப்பங்கொழுந்தா, பப்பாளி விதையா, வெள்ளைக் குளிசையா?

தங்கச்சி இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். போன மாதம் ஓர் இரவு அழைத்தாள். நான்கு வயது மகன் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறானாம், நடுச்சாமத்தில் எழுந்து பின்புறத்தைச் சொறிகிறானாம், சோற்றைத் தொடுவதில்லையாம். "பூச்சிதான்" என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். என்ன மருந்து என்பதில்தான் வழக்கு. மாமியாரின் கட்சி வேப்பங்கொழுந்து. கணவன் ஹட்டனில் ஒரு கடையிலிருந்து வாய்விளங்கப் பொடி வாங்கி வந்திருக்கிறார். அடுத்த காம்பராவில் இருப்பவர் கைத்தொலைபேசியில் பார்த்ததாகப் பப்பாளி விதையைச் சொல்கிறார். தோட்ட டிஸ்பென்சரியில் வெள்ளைக் குளிசை கிடைக்கும். "நான்கில் எதைக் கொடுக்கட்டும் அக்கா?" என்று கேட்டாள்.

நான் பள்ளிக்கூட ஆசிரியை, வைத்தியர் அல்ல. ஆனால் பூச்சி மருந்து கொடுக்கும் நாளில் குளிசையை வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகத் துப்பிவிடும் பிள்ளைகளைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பவள். அவர்களுடைய பாட்டிமாரோடு வாதாடி வாதாடி இந்த விஷயத்தைத் தேடிப் படித்தவள். தொலைபேசியில் அவளுக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பல் கடிப்பதை வைத்துப் பூச்சி என்று முடிவு கட்ட முடியாது. பூச்சி இல்லாத பிள்ளைகளும் பல் கடிக்கும். இரவில் ஆசனவாயில் வரும் அரிப்புத்தான் பேசும் அடையாளம். கீரிப்பூச்சியின் பெண் இரவில் வெளியே வந்து அங்கேதான் முட்டையிடும். நாம் பொதுவாகப் 'பூச்சி' என்று சொல்வதற்குள் நான்கு வேறு உயிர்கள் இருக்கின்றன. வட்டப்புழுவும் சாட்டைப்புழுவும் மண்ணிலிருந்து கை வழியாக வாய்க்கு வரும். கொழுக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். கீரிப்பூச்சி நகக்கண்ணிலும் படுக்கை விரிப்பிலும் ஒட்டிக்கொண்டு வீடு முழுவதும் சுற்றும். ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றதைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போகலாம். மாமியாரின் பட்டியலில் இந்த வேறுபாடு இல்லை. நியாயமாகச் சொன்னால் டிஸ்பென்சரிப் பட்டியலிலும் பெரும்பாலும் இல்லை.

இது மலையகத்துக்கு வெறும் வீட்டுப் பிரச்சினையும் அல்ல. 2019இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்றில், ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளிடையே மண்வழிப் புழுத்தொற்று நாடு முழுவதற்கும் 1 வீதத்துக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது. தோட்டப்புறத்தில் அது 9 வீதம். லயம் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளின் மலசலகூடம், பீலித் தண்ணீர், தேயிலைச் செடியின் நிழலில் எப்போதும் ஈரமாக இருக்கும் மண் என்று காரணங்களை எல்லோரும் அறிவோம்.

மாமியாரின் வேம்பிலிருந்து தொடங்குகிறேன். வேம்பு நம்முடைய குளிருக்கு ஒத்துக்கொள்ளாத மரம். நாலாயிரம் அடிக்கு மேலே அதைப் பார்ப்பது அரிது. வவுனியாவிலிருந்தோ மாத்தளைக்குக் கீழே இருந்தோ, அம்மன் கோவில் திருவிழாவையொட்டிக் கட்டுக்கட்டாக ஏறி வரும். அதனால்தானோ என்னவோ, கிடைக்காத பொருளுக்கு இருக்கும் மரியாதை அதற்கு இங்கே கூடுதல். கொழுந்தை அரைத்து நெல்லிக்காய் அளவு உருட்டிக் கொடுப்பதால் பெரிய கெடுதல் வந்ததாக நான் படிக்கவில்லை. ஆனால் அது மனிதக் குடலில் புழுவை வெளியேற்றியதாக நம்பக்கூடிய பரிசோதனையையும் படிக்கவில்லை. கசப்புக்குப் புழு பயப்படும் என்பது நம்முடைய நாக்கின் கருத்து. புழுவைக் கேட்டு எழுதியது அல்ல.

கொழுந்தை விட்டு எண்ணெய்க்குப் போனால் கதை மாறிவிடும். மலேசியாவில் 1980களின் தொடக்கத்தில், சில்லறை நோய்களுக்காக வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் வாந்தியும் வலிப்புமாக ஆஸ்பத்திரிக்கு வந்ததை அங்குள்ள வைத்தியர்கள் பதிவு செய்தார்கள். மூளையும் ஈரலும் தாக்கப்பட்டிருந்தன. தங்கச்சிக்கு இதை மட்டும் அழுத்திச் சொன்னேன்: இலை என்றால் வாதாடு, எண்ணெய் என்றால் போத்தலை எடுத்து ஒளித்து வை.

குப்பைமேனியும் அப்படித்தான். லயத்துப் பின்புறத்தில் தானாக முளைப்பது. கஞ்சியில் போட்டுக் குடிப்பவர்கள் உண்டு. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்தவர்களுக்கு அந்தக் கஞ்சி சிவப்பணுக்களை உடைத்துவிட்டதாக 1996இல் இலங்கை வைத்தியர்களே எழுதியிருக்கிறார்கள். யாருக்கு அந்தக் குறை இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிள்ளையின் சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால்தான் தெரியவரும்.

பப்பாளி விதைக்கு வருவோம். இதைக் கேலி செய்ய நான் தயாரில்லை, ஏனென்றால் நான்கில் ஓரளவாவது ஆதாரம் உள்ள வீட்டு மருந்து இதுதான். 2007இல் நைஜீரியாவில் குடலில் ஒட்டுண்ணி இருந்த 60 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். 30 பேருக்குக் காயவைத்து அரைத்த பப்பாளி விதை கலந்த தேன், 30 பேருக்கு வெறும் தேன். ஒரு வாரம் கழித்து மலத்தைச் சோதித்தபோது விதை சாப்பிட்டவர்களில் 23 பேருக்கும், தேன் மட்டும் சாப்பிட்டவர்களில் 5 பேருக்கும் ஒட்டுண்ணி காணப்படவில்லை. விதையை மென்றால் கடுகைப் போல் ஒரு காரம் ஏறுகிறதல்லவா, அந்தக் காரத்தைத் தரும் பென்சைல் ஐசோதயோசயனேட் என்ற பொருள்தான் வேலை செய்கிறது என்பது கணிப்பு.

ஆனால் தேனைவிடக் கெட்டிக்கார மருந்து என்பதும் குளிசைக்குச் சமமான மருந்து என்பதும் ஒன்றல்ல. அந்த ஆய்வில் விதையைக் குளிசையோடு போட்டியிட விடவில்லை. முப்பது முப்பது பேர் என்பது ஒரு வகுப்பறை. பழத்துக்குப் பழம், காய்ந்த விதைக்கு ஈர விதை, காரத்தின் அளவு வேறுபடும். நான்கு வயதுப் பையன் அதை விழுங்குவானா என்பது தனிக் கேள்வி. கர்ப்பிணிகள் இதன் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

வாய்விளங்கத்தைப் பற்றிச் சித்த, ஆயுர்வேத நூல்கள் பெரிதாகப் பேசுகின்றன. அதிலுள்ள எம்பெலின் என்ற பொருளை ஆய்வுகூடங்களும் எடுத்துப் பார்த்திருக்கின்றன. என் தயக்கம் மருந்தின் மேல் அல்ல, பொட்டலத்தின் மேல். சந்தையில் வாய்விளங்கம் என்ற பெயரில் அதன் உறவுக்காரச் செடிகளின் விதைகளும் விற்கப்படுகின்றன. எல்லாம் மிளகைப் போல் உருண்டையாக, ஒன்றைப் போல் ஒன்று இருக்கும். பொடியாக்கிய பிறகு யார் கண்டுபிடிப்பது? எம்பெலின் விலங்குகளில் கருத்தரிப்பைக் குறைத்ததும் பதிவாகியிருக்கிறது. பதிவு பெற்ற சித்த வைத்தியர் ஒருவர் பார்த்து, அளந்து கொடுத்தால் அது வேறு. கடையில் 'ஐம்பது கிராம் கட்டுங்கள்' என்று வாங்கி வருவது வைத்தியம் அல்ல, மளிகை.

நான்கிலும் சேராத இன்னொன்று எங்கள் வீட்டில் இருந்தது. அம்மாயி எதற்கெடுத்தாலும் ஓமத்தண்ணீர்தான் வைப்பார். வயிறு உப்பினால் ஓமம், சளிக்கு ஓமம், பூச்சிக்கும் ஓமம். அந்த மணம் அடுப்படியிலிருந்து இஸ்தோப்பு வரை வரும். பின்னாளில் படித்தபோதுதான் தெரிந்தது, அம்மாயி இந்தத் தோட்டங்களின் வரலாற்றையே கொதிக்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று.

ஓமத்தின் மணத்துக்குக் காரணம் தைமோல். 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கையில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது அவர்கள் கண் வைத்தது தேயிலைத் தோட்டங்களின் மேல்தான். இந்தியாவிலிருந்து வந்த நம் ஆட்களின் உடம்பில் இரத்தம் இல்லை, வேலை நடக்கவில்லை என்பது துரைமாரின் கவலை. அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் கொழுக்கிப்புழுவுக்குக் கொடுத்த இரண்டு பெரிய மருந்துகளுமே செடியிலிருந்து வந்தவை. ஒன்று தைமோல். மற்றது செனோபோடியம் என்ற அமெரிக்கச் செடியின் எண்ணெய்.

அப்படியானால் அம்மாயியின் கைவைத்தியம் சரிதானே என்று கேட்கலாம். நானும் பெருமையோடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்று பெரியவர் ஒருவருக்குக் கொடுத்த தைமோல் ஏறக்குறைய 4 கிராம். ஒரு தேக்கரண்டி ஓமம் 2 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதில் எண்ணெய் 2 முதல் 4 வீதம், அந்த எண்ணெயில் பாதியளவு தைமோல். மிஞ்சிப் போனால் 40 மில்லிகிராம். அதிலும் தைமோல் தண்ணீரில் எளிதில் கரையாது. ஆக, அம்மாயியின் குவளையில் இருந்தது மருந்தின் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நூறு மடங்கு ஓமத்தைத் தின்று ஈடுகட்டலாமா? அன்றைய நோயாளிகளைப் பட்டினி போட்டு, பேதியுப்பு கொடுத்து, எண்ணெய்ப் பலகாரமும் சாராயமும் தொடக்கூடாது என்று கட்டுப்படுத்தித்தான் அந்த 4 கிராமைக் கொடுத்தார்கள். கொழுப்போ மதுவோ சேர்ந்தால் தைமோல் உடம்புக்குள் ஏறிவிடும். புழுவுக்கு வைத்த நஞ்சு ஆளுக்குப் போய்ச் சேரும். செனோபோடியம் எண்ணெயில் அளவு தப்பி இறந்தவர்கள் உண்டு. புழு சாகும் அளவுக்கும் பிள்ளை சாகும் அளவுக்கும் நடுவே இருந்த இடைவெளி அவ்வளவு ஒடுக்கம்.

செடியில் சத்து இருக்கிறதா என்பதல்ல பிரச்சினை, பெரும்பாலும் இருக்கிறது. அது எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு போதும், எவ்வளவில் கெடுக்கும் என்ற மூன்று கணக்கும் தெரியாமல் ஒரு பிள்ளையின் வாயில் வைக்கிறோமே, அதுதான் பிரச்சினை. வெள்ளைக் குளிசையின் ஒரே பெரிய தகுதி அந்தக் கணக்கு அதில் போடப்பட்டிருப்பதுதான்.

அந்தக் குளிசை மெபெண்டசோல் 500 மில்லிகிராம், அல்லது அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். இரண்டாவதை ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் உள்ளவர்களுக்கு 200. இவை புழுவின் உயிரணுக்களுக்குள் உள்ள நுண்குழாய்களைக் குலைத்து, அது சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் செய்து பட்டினியால் கொல்கின்றன. பெரும்பகுதி நம் இரத்தத்துக்குள் ஏறாமல் குடலிலேயே தங்கி வெளியேறிவிடுகிறது. தைமோலிடம் கேட்டுக் கிடைக்காத குணம் அது.

அதற்காகக் குளிசையைக் கும்பிடவும் வேண்டாம். வட்டப்புழுவுக்கு ஒரே குளிசை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரைக் குணமாக்கும். சாட்டைப்புழுவுக்கு இரண்டு குளிசைகளுமே பாதியைக்கூட எட்டுவதில்லை. கொழுக்கிப்புழுவில்தான் இரண்டுக்கும் வேறுபாடு பெரிது. ஒரு வேளை அல்பெண்டசோல் பத்தில் எட்டுப் பேரைக் குணமாக்கும் இடத்தில், ஒரு வேளை மெபெண்டசோல் மூன்று பேரைத்தான் குணமாக்குகிறது. நாள் முழுவதும் மலையில் நிற்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இதுதான் முக்கியமான வேறுபாடு. நம் பகுதிகளில் பரவியுள்ள கொழுக்கிப்புழு ஒன்று நாளுக்கு 0.03 மில்லிலீற்றர் இரத்தம் குடிக்கும். கேட்க அற்பம். நூறு புழு இருந்தால் நாளுக்கு 3 மில்லிலீற்றர், மாதத்துக்கு 90. ஏற்கெனவே இரத்தம் குறைந்த உடம்பு. சாப்பிட்ட கையோடு குடிக்கும் சாயத்தண்ணீர், அதாவது பால் விடாத தேநீர், உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாமல் வேறு செய்கிறது. ஆகவே களைப்பும் மூச்சிரைப்புமாக இருக்கும் பெரியவர்கள் 'பூச்சிக் குளிசை போட்டாயிற்று' என்று இருந்துவிடாமல், எந்தக் குளிசை என்று கேட்டு, மலத்தையும் இரத்தத்தையும் சோதித்துக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதம் கழிந்த பிறகு, கிளினிக்கில் கொடுத்தால் மட்டும்.

குளிசைக்கு இன்னொரு குறை, அது முட்டையைக் கொல்லாது. தங்கச்சி மகனுக்கு இருந்ததைப் போன்ற கீரிப்பூச்சியில் இது வினையாகும். இரண்டு வாரத்தில் மறு குளிசை போடாவிட்டால், வீட்டில் எல்லோரும் ஒன்றாகப் போடாவிட்டால், பிள்ளை மறுபடி சொறிவான். மாமியார் "பார், இங்கிலிஸ் மருந்து கேட்கவில்லை" என்பார். குளிசை தோற்ற பல வீடுகளில் உண்மையில் தோற்றது நாட்காட்டிதான்.

பரங்கி விதைக்கு ஒரு வரி போதும்: கெடுதல் இல்லை, வறுத்துச் சாப்பிடலாம், மருந்து என்று நம்பி இருக்கவேண்டாம். சீனாவில் நாடாப்புழுவுக்கு அதைப் பாக்கோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். பாக்கிலுள்ள அரெகோலின் புழுவை முடக்குவது மெய். ஒரு காலத்தில் நாய்களுக்கு அதையே பூச்சி மருந்தாகக் கொடுத்தார்கள். 'அதனால்தான் நான் வெற்றிலை போடுகிறேன்' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பாக்கு வாய்ப்புற்றுநோயைக் கொண்டுவரும் பொருள் என்பதில் இப்போது சந்தேகம் எதுவும் இல்லை.

இதுவரை குடலைப் பேசினேன். தோலுக்கு வந்தால் என் கண்டிப்பு கொஞ்சம் தளரும். சிரங்கு உண்டாக்கும் நுண்ணுண்ணியும் ஒட்டுண்ணிதான்; ஒரு காம்பராவில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் அது ஒருவரோடு நிற்பதில்லை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிய 814 பேரில் 97 வீதத்தினருக்கு 3 முதல் 15 நாளில் குணமானதாக 1992இல் இந்தியாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. பூசாமல் விட்டவர்களோடு ஒப்பிடாத ஆய்வு என்பதால் முழுப் புள்ளி கொடுக்க மாட்டேன். ஆனாலும் தோலில் பூசுவது அளவு தப்பினாலும் கழுவிவிடக்கூடியது. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பெர்மெத்ரின் களிம்பும் ஒரு பூவைப் பார்த்துச் செய்த மருந்துதான். சாமந்தி இனத்துப் பைரெத்ரம் பூவிலிருந்த பொருளைப் போல ஆய்வுகூடத்தில் உருவாக்கியது. களிம்பு கிடைத்தால் களிம்பு, கிடைக்கும் வரை வேம்பும் மஞ்சளும். எதைப் பூசினாலும் வீட்டார் அனைவரும் ஒரே இரவில் பூச வேண்டும். நுவரெலியாத் தூறலில் போர்வை எங்கே காயப்போகிறது என்று கேட்பவர்கள், அதைப் பையில் கட்டி ஒரு வாரம் தொடாமல் வைத்தால் போதும். ஆள் உடம்பு கிடைக்காமல் உண்ணி செத்துவிடும். பேனுக்குச் சீதாப்பழ விதையை அரைத்துத் தலையில் பூசுவதை மட்டும் விட்டுவிடுங்கள். ஒரு துளி கண்ணில் வழிந்தால் கருவிழி வெந்துபோகும்.

இரத்தத்தில் இருக்கும் ஒட்டுண்ணிக்கு, அதாவது மலேரியாவுக்கு, வீட்டு மருந்து என்ற பேச்சே கூடாது. இத்தனைக்கும் செடி மருந்தின் மிகப்பெரிய வெற்றிகள் இரண்டும் அங்கேதான். சிங்கோனா மரப்பட்டையின் குவினைன் ஒன்று. நுவரெலியாவுக்கு அருகிலுள்ள ஹக்கலைப் பூங்காவே 1861இல் அந்த மரத்தை வளர்க்கத் தொடங்கியதுதான். கோப்பியைத் துரு நோய் தின்ற பிறகு, தேயிலை நிலைப்பதற்கு முன், சில வருடங்கள் இந்த மலைகளில் துரைமார் நட்டது சிங்கோனா. எல்லோரும் நட்டு, பட்டையின் விலை விழுந்து, அதையும் பிடுங்கிவிட்டுத் தேயிலை வைத்தார்கள். மற்றது ஆர்டெமிசினின். சீனாவின் தூ யூயூ, நான்காம் நூற்றாண்டுக் கைந்நூல் ஒன்றில் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருப்பதைக் கண்டு, கொதிக்க வைப்பதுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்தார். 1971இல் குறைந்த சூட்டில் கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாரம் எடுத்தார். 2015இல் நோபல் பரிசு வந்தது. நம்முடைய கஷாயச் சட்டியில் அந்தச் செடி விழுந்திருந்தால் மருந்து ஆவியோடு போயிருக்கும்.

இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. ஆனால் ஆபிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ போய்த் திரும்பியவர்களின் உடம்பில் அது இன்னும் வருகிறது. அப்படிப் போய் வந்த ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் நிலவேம்பும் வேண்டாம், ஆர்டெமிசினின் எடுக்கும் அதே ஆர்டெமிசியாச் செடியின் இலை என்று இணையத்தில் விற்கும் தேயிலையும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனமே அந்த இலைத்தேநீரை வேண்டாம் என்கிறது. 'எங்கே போய் வந்தேன்' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

தங்கச்சி வீட்டு வழக்கு இப்படி முடிந்தது. மறுநாள் டிஸ்பென்சரி பூட்டியிருந்தது. அதற்கடுத்த நாள் திறந்திருந்தது, குளிசை இல்லை. மூன்றாம் நாள் மஸ்கெலியாவுக்கு பஸ் ஏறி, ஆஸ்பத்திரியில் காட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். வைத்தியர் பிள்ளைக்கு மட்டுமல்லாமல் வீட்டில் ஐந்து பேருக்கும் எழுதிக் கொடுத்திருந்தார். மாமியார் தனக்குப் பூச்சி இல்லை என்று ஒரு நாள் முழுவதும் மறுத்து, பேரன் "அப்பாயி, நீங்களும் போடுங்கள்" என்று கையில் வைத்த பிறகு விழுங்கினார். பிள்ளையின் நகத்தை ஒட்ட வெட்டி, படுக்கை விரிப்பை வெந்நீரில் போட்டு, பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்து ஆயாவிடமும் விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது. வாய்விளங்கப் பொடி கூரை இறப்பில் செருகிய பையில் அப்படியே இருக்கிறது.

ஓமத்தண்ணீர் வைக்கலாமா என்று மாமியார் கேட்டாராம். தாராளமாக வைக்கச் சொன்னேன், வயிற்று உப்புசத்துக்கு. இரண்டாவது குளிசைக்கு வருகிற வெள்ளிக்கிழமை. கோவில் நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி மாமியாரே குங்குமத்தால் வட்டம் போட்டிருக்கிறார் என்று தங்கச்சி படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள்.